பிளாக்கைக் கழற்றக் கூடாது

பீரோக் கதவில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் போட்டார். மகள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு கொண்டை ஊசி, கையில் சீப்பு.

"இனி நான் எதைப் பாத்துத் தலை வார்றது?"

"ஒரு வாரம் என் மூஞ்சியப் பாத்து வாரு."

"உங்க மூஞ்சியப் பாத்தா தலையப் பிச்சுக்கத்தான் தோணும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கண்ணாடியின் மேல் அவர் இரண்டு இரும்புத் துண்டுகளை வைத்தார். முழ நீளம் இருக்கும். ஒன்று உருண்டைக் கம்பி, அடியில் அலுமினியத் தாங்கல் வைத்தது. இன்னொன்று சதுரம், இரண்டு விலாவிலும் பள்ளம் ஓடியது. யாரோ கூட்டாளியிடம் மாதிரிக்கு இரவல் வாங்கி வந்திருந்தார். இதற்கு ரயில் என்று பெயர். இதன் மேல் பிளாக் என்று ஒன்று ஓடும். பிளாக்கின் வயிற்றுக்குள் கடுகை விடப் பெரிசாக, மிளகை விடச் சிறிசாக எஃகுக் குண்டுகள் வரிசையாக நிற்கும். குண்டு உருள, பிளாக் வழுக்கிக்கொண்டு போகும். பிளாக்கின் மேல் செதுக்குகிற மோட்டாரை உட்கார வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் காட்டுகிற வழியில் அது போய் மரத்தில் பூவோ கொடியோ வெட்டும். ரயில் எவ்வளவு நேரோ, வேலையும் அவ்வளவுதான் நேர். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. நேர் எது, கோணல் எது என்பது தெரியும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனால் முப்பத்துநான்கு வருடம் ஒரு ஆலையில் மெஷின் ரிப்பேர் பிரிவில் ஃபிட்டராக நின்றவன் நான்.

கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவில் சிகரெட் தாளைச் செருகிப் பார்த்தார் மாப்பிள்ளை. உருண்டைக்கு அடியில் தாள் போனது, நடுவில் வளைவு. சதுரத்துக்குப் போகவில்லை.

"மாமா, நீங்க சொல்லுங்க. உருண்டையா, சதுரமா?"

"யார் விக்கிறான்?"

"அது இல்ல மாமா. எது நல்லதுன்னு கேக்கறேன்."

"விக்கிறவன் யாருன்னு தெரியாம பொருள் நல்லதா கெட்டதான்னு எப்படிச் சொல்றது?"

மகள் ஊசியைக் கொண்டையில் குத்திக்கொண்டே சொன்னாள். "அவர்கிட்ட போய்க் கேட்டீங்களே. மழை பெஞ்சாலே யார் தண்ணி ஊத்துறான்னு எட்டிப் பாக்கிற ஆளு."

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு எடுக்கிறாள். அப்பன் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, வலது கண்ணில் பால் ஊற்றிய மாதிரி, அறுத்து எடுத்துவிடலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கண்ணில் கத்தி வைக்கிறவனுக்கு என் கண்ணால் என்ன லாபம் என்று ஒரு முறை கேட்டேன். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுக்காமலே என்னைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

மாப்பிள்ளை தச்சு வேலைக்காரர். சமையலறை அலமாரி செய்கிற கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் இருந்தார். கம்பெனியை மூடினார்கள். தூர ஊரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவு, சன்னல் பொருத்துகிற வேலை. தங்க இடம் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வரலாம். கல்யாணமாகி மூன்று வருடம்தான் ஆகிறது. மகள் அந்த ஒப்பந்தக்காரர் பெயர் போனில் வந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இதற்கு நடுவில் மரச்சாமான் கடை முதலாளி ஒருவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் கம்ப்யூட்டர் மெஷினில் ஒரு கதவு செதுக்கிக் கொண்டுவந்து காட்டு, கை சுத்தமாக இருந்தால் என் கடைக் கதவெல்லாம் உனக்கு என்று. விலைக்கு வாங்கினால் எட்டாத மெஷின். அதனால் இவரே பின்னறையில் கட்ட ஆரம்பித்தார். மெஷின் ஓடினால் ஆள் வீட்டோடு. ஓடாவிட்டால் பெட்டி தூக்க வேண்டியதுதான். எனக்கும் அவர் போவதில் இஷ்டமில்லை. அவர் போய்விட்டால் வீட்டில் நானும் மகளும் மட்டும். இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அவள் அம்மா இருந்த வரைக்கும் இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் என்று அவள்தான் கடத்திக்கொண்டிருந்தாள்.

உருண்டை வேண்டாம், சதுரம்தான் என்று முடிவானது. அதை யாரிடம் வாங்குவது என்பதில்தான் முட்டிக்கொண்டோம். படம் பார்த்து போனில் வாங்கலாம் என்றார் அவர். முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போவோம், தொட்டுப் பார்த்து வாங்குவோம் என்றேன் நான். எனக்காக வந்தார்.

பழைய இரும்புக் கடைக்காரனுக்குச் 'சுத்தம்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் சுத்தமான சரக்கு என்பான். அவன் கை மட்டும் சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. பல் சக்கரங்களும் மோட்டார் ஓடுகளும் குவிந்து கிடந்த கொட்டகைக்குள் கூட்டிப் போய், கோணிச்சாக்கில் சுற்றிய இரண்டு ரயில்களை எடுத்துப் போட்டான்.

"பிஸ்கட் கம்பெனி மெஷின்ல இருந்தது பெரியவரே. மாவத் தவிர வேற எதையும் பாக்காத இரும்பு. சுத்தம்."

நான் குந்தி உட்கார்ந்து விலாப் பள்ளத்தில் நகத்தை ஓட்டினேன். இரண்டு முழம் பட்டு மாதிரி வந்தது. நடுவில் மட்டும் கிரீஸ் கொஞ்சம் தடிப்பு. கிரீஸ் தடிப்பாக இருக்கிற இடத்தில்தான் பொய் இருக்கும். கைக்குட்டையால் துடைத்தேன். அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழி, விரல் நீளத்துக்கு.

"இது என்ன, மாவா?"

"பெரியவரே, உங்களுக்குப் பொண்ணு குடுத்தவன் எப்படித்தான் உங்ககிட்ட இருந்து தப்பிச்சானோ."

"அவனும் கிரீஸ் தடவித்தான் குடுத்தான்."

சுத்தம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாப்பிள்ளையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரி போய் இரண்டு வருடம். அவள் மேல் ஒரு தழும்பும் கிடையாது.

திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே மாப்பிள்ளை சொன்னார். "இவ்ளோ பாத்து, கடைசியில ஒண்ணும் வாங்கலையே மாமா."

"ஏமாறாம வந்தோமே. அது போதாதா?"

அவர் வீட்டுக்கு வந்து போனில் அழுத்தி அழுத்திச் சதுர ரயில் இரண்டும், அதில் ஓடும் பிளாக் நான்கும் சொல்லிவிட்டார்.

"படத்தப் பாத்தா மாப்ள?"

"எழுநூறு பேரு நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க மாமா."

"அந்த எழுநூறு பேர்ல ஒருத்தன் மூஞ்சியாவது உங்களுக்குத் தெரியுமா? போலி வந்து நிக்கும் பாருங்க. பேரு மட்டும் பெரிய கம்பெனி பேரா அடிச்சிருப்பான். உள்ள சைக்கிள் குண்டு இருக்கும்."

"எல்லாரையும் சந்தேகப்பட்டா மாமா, உருண்டையும் இல்ல, சதுரமும் இல்ல. வீட்டுல சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அவர் தப்பாகச் சொல்லவில்லை. குரல்கூட உயரவில்லை. ஆனால் அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் நான் ஒருவன்தான்.

ஒன்பதாம் நாள் சரக்கு வந்தது. ஆள் நீளப் பெட்டி. எண்ணெய்த் தாளைப் பிரித்தபோது புது இரும்பின் வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குப் பிடிக்கும், சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ரயிலிலும் இரண்டு பிளாக் ஏற்கெனவே ஏற்றி, கழன்று விழாதபடி இரண்டு நுனியிலும் சிவப்பு பிளாஸ்டிக் அடைப்பு மாட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை பிளாக்கை ஒரு விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் போய் அடைப்பில் முட்டி நின்றது. குழந்தை மாதிரி திரும்பவும் தள்ளினார்.

"எப்படி மாமா?"

"புதுசுல எல்லாம் நல்லாத்தான் ஓடும்."

பெட்டியை மூடும்போது சொன்னார். "மாமா, ஒண்ணே ஒண்ணு. பிளாக்க மட்டும் ரயில விட்டு வெளிய எடுத்துடாதீங்க. குண்டெல்லாம் கொட்டிடும். கழட்டக் கூடாதுன்னு சீட்டுலயே போட்டிருக்கு."

அந்தச் சீட்டை என் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார். என்னால் படிக்க முடியவில்லை. எழுத்து தெரியாமல் இல்லை. கண் தெரியாமல். "சரி" என்றேன். முப்பத்துநான்கு வருடம் பேரிங் மாற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு 'சரி' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் பகல். மகள் கடைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை போல்ட் வாங்கப் போயிருந்தார். நான் பின்னறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். திருடப் போகவில்லை. பார்க்கத்தான் போனேன். எல்லோரும் பிளாக்கின் மேலே அடித்திருந்த பெயரைப் பார்க்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டாமா. குண்டு நல்ல எஃகா, தேய்த்தால் பல்லிளிக்கிற சரக்கா என்று எனக்கு ஒரு பார்வையில் தெரியும். இன்னொன்றும் உண்டு. போலியாக இருந்தால் மாப்பிள்ளை வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அதை நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதுகிறபோது மறைத்து என்ன ஆகப்போகிறது.

சிவப்பு அடைப்பை உருவினேன். பிளாக்கை நுனிக்குக் கொண்டுவந்து, இடது கை விரலை அடியில் கொடுத்துத் தாங்கியபடி மெல்ல இறக்கினேன். ஆலையில் இப்படித்தான் செய்வோம், விரலே ரயில் மாதிரி நின்று குண்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த விரல் இப்போது நடுங்குகிற விரல் என்பது அது இறங்குகிறபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு பக்க வரிசை முழுக்கக் கொட்டியது. சிமெண்டுத் தரையில் நெல் கொட்டின மாதிரி சத்தம். அது நின்ற பிறகும் எங்கேயோ ஒன்றிரண்டு உருண்டுகொண்டே போவது கேட்டது.

மண்டி போட்டுப் பொறுக்கினேன். கண்ணால் அல்ல, உள்ளங்கையால் தரையைத் தடவித் தடவி. மரத்தூள், ஆணி, குண்டு. மண்ணெண்ணெயில் அலசித் துடைத்து, கிரீஸ் பூசி ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வைத்தேன். குண்டு சரியாக வைக்க எனக்குத் தெரியும். ஆனால் கடைசியில் மூன்று குண்டுக்கு இடம் இருந்தது. குண்டு இல்லை. கதவுக்கு வெளியே கூடத்தில் இருக்கிற ஃபிரிட்ஜுக்கு அடியில் போயிருக்க வேண்டும். விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் துழாவினேன். அகப்படவில்லை. ஃபிரிட்ஜை நகர்த்த எனக்குத் தெம்பு இல்லை.

என்னிடம் ஒரு பழைய பல்பொடி டப்பா இருக்கிறது. அதில் எல்லா அளவிலும் குண்டு. ஆலையில் இருந்து வந்தவை. எப்படி வந்தன என்று கேட்க வேண்டாம். வேலியே பயிரை மேயுது என்று ஸ்டோர் கிளார்க்கைத் திட்டியவன்தான் நானும். டப்பாவில் இருந்து அதே மாதிரி மூன்றைப் பொறுக்கினேன். மயிரிழைக் கனம் அளக்கிற மைக்ரோமீட்டரை எடுத்து, அவர்கள் குண்டு ஒன்றையும் என் குண்டு ஒன்றையும் மாற்றி மாற்றி வைத்துத் திருகினேன். கோடு தெரியவில்லை. சன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். வெள்ளை மேல் சாம்பல், சாம்பல் மேல் வெள்ளை. சாயங்காலம் மகள் வந்தால் ஒரு நொடியில் படித்துச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, எதற்கு அப்பா என்று கேட்பாள். இரண்டு விரலுக்கு நடுவில் இரண்டு குண்டையும் உருட்டிப் பார்த்தேன். ஒன்றுதான் என்று விரல் சொன்னது.

விரலை நம்பினேன். ஊரில் எவனையும் நம்பாதவன் விரலை நம்பினேன்.

ஒரு பேரிங்கில் ஒரு குண்டு போனாலும் முழுசும் மாற்று, வேறு குண்டைக் கலக்காதே. இது ஃபிட்டர் வேலையில் முதல் நாள் பாடம். தலைமுடியில் கால்வாசிக் கனம் கூடினாலும், அந்த ஒரு குண்டு மற்ற எல்லாக் குண்டின் சுமையையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு ரயிலைக் கீறிவிடும். ஆலையில் எங்கள் பிரிவில் 'நொண்டி' என்று ஒருவன், ஒரு கடைசல் மெஷினில் இப்படிக் கலந்து போட்டான். கண்டுபிடித்தது நான். மேலே போய்ச் சொன்னதும் நான். அவனுக்குப் பதினைந்து நாள் சஸ்பெண்ட். அதற்குப் பிறகு அவன் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

பிளாக்கை ரயிலில் ஏற்றித் தள்ளினேன். போனது. ஓரிடத்தில் லேசாக இடறின மாதிரி இருந்தது. புதுக் கிரீஸ், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடைப்பை மாட்டி, எண்ணெய்த் தாளைச் சுற்றி, பெட்டியை மூடினேன். மாப்பிள்ளை வந்தபோது கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"சும்மாவா உக்காந்திருக்கீங்க மாமா? வாங்க, ஒரு கை பிடிங்க" என்றார்.

பிறகு வந்த இரண்டு வாரம்தான் அந்த வீட்டில் நான் இருந்ததிலேயே நல்ல நாட்கள். இரும்புச் சட்டத்தின் மேல் ரயிலை வைத்து, ஒரு ரயிலுக்கு இன்னொன்று இம்மியும் விலகாமல் இணையாக வைக்க வேண்டும். விலகலைக் காட்டுகிற டயலை நான் கட்டினேன். முள்ளை அவர் படித்தார். "ரெண்டு கோடு வெளிய போகுது மாமா" என்பார். நான் மரச் சுத்தியலால் ஒரு தட்டு. "ஒரு கோடு." இன்னொரு தட்டு, பாதி பலத்தில். "நின்னுடுச்சு மாமா. அசையல." மேலே வேலைப் பலகை போடும் படுக்கையை மட்டம் பார்க்க அந்த பீரோக் கண்ணாடியையே தூக்கிப் போட்டு, ரசமட்டத்தை வைத்து, நான்கு காலுக்கும் தகடு கொடுத்துக் கொடுத்து ஒரு நாள் பூராவும் செய்தோம். மாலையில் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"அப்பா எங்கிட்டக்கூட இவ்ளோ பேசினது இல்ல" என்றாள் அவரிடம். "ஒரு கோடு, ரெண்டு கோடு."

"மாமா இல்லன்னா இது ஒரு வருஷம் ஆயிருக்கும். கையில ஒரு கணக்கு வச்சிருக்காரு மனுஷன்."

அந்தப் பாராட்டைத் தேநீரோடு குடித்தேன். அப்போது சொல்லியிருந்தால் பிளாக்கை மாற்றியிருக்கலாம். ரயில் தப்பியிருக்கும். ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். சொல்ல வாய் வந்தது. இடறினது கிரீஸ்தான் என்று திரும்பவும் சொல்லிக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தேன்.

முதல் இரண்டு நாள் மெஷின் நன்றாக ஓடியது. சும்மா ஒரு பலகையில் மகள் பெயரை வெட்டினார். அவள் அதைக் கைப்பைக்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் கடைக்காரருக்குக் காட்ட வேண்டிய கதவு ஏறியது. நல்ல தேக்குப் பலகை. கொடி ஓட ஆரம்பித்ததும் ஒரு சத்தம் கேட்டது. கொர், பிறகு மௌனம், பிறகு கொர். மாப்பிள்ளைக்கு மோட்டார் இரைச்சலில் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

கதவை இறக்கி வெளிச்சத்தில் சாய்த்து வைத்தபோது கொடியின் நேர்க்கோட்டில் அலை இருந்தது. மெல்லிய அலை. விரலால் தடவினால் ஏறி இறங்கும். மாப்பிள்ளை முதலில் திருகுத் தண்டைச் சந்தேகப்பட்டார். பிறகு மோட்டாரை, பிறகு இரண்டையும் இணைக்கிற கப்ளிங்கை, பிறகு கம்ப்யூட்டரில் தான் போட்ட எண்ணை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு கதவைப் போட்டார். அலை கூடியிருந்தது. நான் போய் அலைக்கும் அலைக்கும் நடுவில் கையை வைத்து அளந்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைச்சல். பிளாக்கின் வயிற்றுக்குள் குண்டு ஒரு சுற்று சுற்றிவர எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். பிளாக் போகிற வேகத்தில் பாதிதான் குண்டு போகும். கணக்கு சரியாக வந்து என் மூன்று குண்டின் மேல் உட்கார்ந்தது. இந்தக் கணக்கைப் போட அந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. கையை எடுத்துக்கொண்டேன்.

"என்ன மாமா, ஏதாவது தெரியுதா?"

"ம்ஹூம்."

கடைசியில் அவரே கண்டுபிடித்தார். ரயிலைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது விலாப் பள்ளத்தில் கீறல் ஓடியிருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"நீங்க சொன்னதுதான் மாமா சரி. போலி. இவ்ளோ சீக்கிரம் நல்ல இரும்பு கீறாது. நான்தான் எழுநூறு பேர நம்பினேன்."

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். "அப்பா அன்னைக்கே சொன்னாரு. ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்."

அவருக்குக் கோபம் வரவில்லை. தலையை ஆட்டினார். எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக அந்த வீட்டில் இரண்டு பேரும் என் பேச்சு சரி என்றார்கள். இதற்காகத்தான் இத்தனை வருடம் கத்தினேனோ என்னவோ.

"அந்தப் பிளாக்க ஒரு தடவ கழட்டிப் பாத்துடவா மாமா?" என்று அவர் கேட்டார்.

"வேணாம்" என்றேன். "கழட்டினா மாத்தித் தரமாட்டான். நீ கழட்டினதாலதான் போச்சும்பான்."

நல்ல யோசனை என்று அதையும் எடுத்துக்கொண்டார்.

விற்றவர்களுக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். ஒரு பெண் பேசினாள், மரியாதையான குரல்.

"சார், பிளாக்கை ரயில்ல இருந்து எப்பவாவது கழட்டினீங்களா?"

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் சுர்ரென்று வந்தது. "யாரைப் பாத்து என்ன கேக்கறீங்க? எங்க மாமா முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டர். அவருக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒரு நட்டு அசையாது. போலிச் சரக்க வித்துட்டு எங்களையே கேள்வி கேக்கறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க சார். எல்லாரையும் கேக்கறதுதான். ரயிலும் பிளாக்கும் அனுப்பி வைங்க. திறந்து பாத்துட்டு, எங்க தப்பா இருந்தா புதுசு அனுப்பிடறோம். மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம் காத்திருக்க மரச்சாமான் கடை முதலாளி ஆள் இல்லை. அலை ஓடிய கதவைத் தடவிப் பார்த்து, "தம்பி, இது கதவா, துணி துவைக்கிற பலகையா?" என்று கேட்டாராம். வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. ஒப்பந்தக்காரர் ஒன்றாம் தேதிக்குள் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் எடுக்கிறேன் என்றார். அன்று மகள் போன் பேச்சைக் கேட்டும் அடுப்படிக்குப் போகவில்லை. அங்கேயே நின்று, "எத்தனை சட்டை எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

அவர் புறப்பட்ட காலை, வாசலில் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு ரயிலும் பிளாக்கும் கட்டிய நீளப் பார்சல். இன்னொரு ரயிலோடு மெஷின் பின்னறையில் ஒற்றைக்கால் கொக்கு மாதிரி நின்றது. அதன் படுக்கையின் மேல் பீரோக் கண்ணாடி, கதவை இறக்கிய பிறகு திரும்பக் கொண்டுவந்து போட்டபடி, மல்லாக்கக் கிடந்தது. மெஷின் மேல் தூசி விழாமல் போர்த்துவதற்கு ஒரு பழைய போர்வை எடுத்து வைத்திருந்தார்கள். மகள் கதவோரம் பெருக்க இடைஞ்சலாக இருந்ததென்று ஃபிரிட்ஜைத் தோளால் முட்டி ஒரு அடி நகர்த்தினாள். நான் நாற்காலியில் இருந்து எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

விளக்குமாறு நின்றது. அவள் குனிந்து எதையோ பொறுக்கினாள். ஒன்று. தள்ளி இன்னொன்று. கையை நீட்டி மூன்றாவது. முந்தானையில் துடைத்தாள். என் பல்பொடி டப்பாவைச் சின்ன வயதில் அவள் எத்தனையோ தடவை கொட்டி விளையாடியிருக்கிறாள். என் குண்டெல்லாம் பழுப்பேறியவை. இவை பளபளவென்று இருந்தன. அவள் கண்ணுக்கு அது தெரியாமல் போகாது. அது அவள் தொழில்.

பின்னறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன். மூன்றையும் கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். கடுகு தாளித்தால் கேட்கும், அவ்வளவு சின்ன சத்தம், மூன்று தடவை. என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது உங்க டப்பாவுது இல்லல்ல?"

குரலை அவ்வளவு தாழ்த்திக் கேட்டாள். அவள் அம்மா கேட்பது மாதிரி.

வாசலில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "என்னது?" என்றார்.

அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள். "ஒண்ணுமில்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

அவர் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆசாரிக் கை, சொரசொரப்பு. "வர்றேன் மாமா. பார்சல்காரர் வந்தா உங்க கையாலயே குடுத்துடுங்க. வேற யாரையும் நம்பி விட முடியாது."

"ம்" என்றேன்.

மகள் அவரோடு தெருமுனை வரைக்கும் போனாள். போகும்போது போர்வையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மெஷினைப் போர்த்த வேண்டும். கண்ணாடியின் பக்கத்தில் போய் நின்றேன். குனிந்தபோது அடியில் இருந்து ஒரு முகம் மேலே வந்தது. புகை மாதிரி இருந்தது, மூக்கும் வாயும் பிரியவில்லை. குண்டு மூன்றும் அந்த முகத்தின் மேல், அவள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் இன்னொன்று. தகடு கொடுத்துக் கொடுத்து ஒரு நாள் பூராவும் நானும் அவரும் மட்டம் பார்த்த படுக்கை அது. வாசலில் பார்சல்காரர் வண்டி வந்து நின்று மணி அடித்தது. திரும்பவும் அடித்தது. படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குண்டில் ஒன்றுகூட எந்தப் பக்கமும் உருளவில்லை.